பத்தரை மில்லிமீட்டர் துளை

மாமா எங்கள் வீட்டோடு வந்து தங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அதற்கு முன்பும் அவர் தில்லியில்தான் இருந்தார். முனிர்காவில் ஒரு மாடி அறையில், தன்னைப் போலவே கலெக்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிநேகிதரோடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜனக்புரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். படிக்க வேண்டும் என்பார். அந்த முறை பெட்டியோடு வந்தார். சாப்பிட்டார். கிளம்பவில்லை.

அந்தப் பரீட்சையை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு, மாமாவுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட இருந்த சிநேகிதர் அதே வருடம் தேறிவிட்டார் என்பதும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிமேல் மத்தியானத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்பதுதான்.

அது எனக்குச் சின்ன விஷயமில்லை. அப்பாவை வங்கியில் லக்னோவுக்கு மாற்றியிருந்தார்கள். மாதத்தில் ஓரிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அம்மா மத்திய அரசு அலுவலகத்திலிருந்து இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டதும் கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் சாவியால் நானே கதவைத் திறந்து, மூடி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அம்மா வரும்வரை இருக்க வேண்டும். கீழ்வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் புனேவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கூடத்தில் டி.வி.யைப் போட்டுவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருக்கும்.

மாமா வந்தால் பேச்சுத்துணை கிடைக்கும் என்று நினைத்தேன். மாமா பேசுகிறவராக இல்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் என்ன கேட்டாலும் ஒரு வார்த்தைதான் வரும். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, நான் மணியை அடிப்பதற்கு முன்னால், கதவு திறந்துவிடும். சாவியை நான் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன்.

வந்த வாரமே மாமா தன்னுடைய புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டார். அரசியல், வரலாறு, பொருளாதாரம் என்று ஆளுயரத்துக்கு இருந்தன. கபாடிவாலா எடைபோடும்போது தராசைக்கூட அவர் பார்க்கவில்லை. "ஏலே, ஒண்ணு ரெண்டையாவது வச்சுக்கயேம்ல," என்று அம்மா கேட்டாள். "எதுக்குக்கா?" என்றார். முனிர்காவிலிருந்து கொண்டுவந்ததில் அவர் போடாமல் வைத்துக்கொண்டது ஒரு மேசையின் கால் மட்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கி, இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து படித்த மேசையாம். அறையைக் காலி செய்தபோது பலகை உடைந்துவிட்டது. கால் மட்டும் நல்ல ஷீஷம் மரம், கருத்து, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அம்மா அதைத் துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக் கொடுக்கலாமா என்று பார்த்தாள். நீளம் போதவில்லை.

கடைசல் மெஷின் வந்தது தற்செயலாகத்தான். எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் ஓர் ஓய்வுபெற்ற பஞ்சாபிப் பெரியவர் இருந்தார். மகனோடு இருக்கக் கனடாவுக்குப் புறப்பட்டவர், வீட்டிலிருந்த சாமான்களை அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு இரண்டு பூந்தொட்டி. பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிக்கொடுத்ததற்காக மாமாவுக்கு ஒரு சிறிய லேத். சப்பாத்திக் கல் வைக்கும் மேடையில் பாதி இடத்தில் அடங்கிவிடும். அதில்தான் அவர் மரப் பேனாக்கள் கடைந்துகொண்டிருந்தாராம். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையில், பேனா ஒன்றுக்கு வேண்டிய உலோகப் பாகங்களும் இருந்தன. மூடி, கிளிப், முனை, உள்ளே போகிற ஒரு பித்தளைக் குழாய். அது ஒரு செட்தான் மிச்சம். எந்த அளவுத் துளை போட வேண்டும் என்று எழுதியிருந்த சீட்டு அதில் இல்லை.

மாமா அதை பால்கனியில் வைத்தார். செல்போனில் யாரோ வெள்ளைக்காரர் கடைவதைப் பார்த்துப் பார்த்து, பழ வண்டிக்காரன் எறிந்த பெட்டிப் பலகைகளைக் கடைந்து பழகினார். அம்மாவுக்கு ஒரு சப்பாத்திக் கட்டை செய்து கொடுத்தார். அதில் தேய்த்த சப்பாத்தி ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. அம்மா தினமும் அதையே வைத்துத் தேய்த்தாள். எதிர் பிளாக்கிலிருந்து ஒரு அம்மாள், "பையா, ஷோர் பஹுத் ஹை!" என்று மெஷின் இரைச்சலைப் பற்றிச் சத்தம் போட்டாள். அதனால் மாமா மத்தியானத்தில், எல்லார் வீட்டிலும் கூலர் ஓடும் நேரத்தில் மட்டும் மெஷினைப் போடுவார். அது நான் வீட்டில் இருக்கும் நேரம். உள்ளறையை விட்டுவிட்டு நானும் பால்கனி வாசற்படியில் வந்து உட்கார ஆரம்பித்தேன். டி.வி.யைப் போடுவதில்லை.

அப்போதுதான் சிநேகிதரிடமிருந்து போன் வந்தது. பயிற்சியில் இருக்கிறாராம், அடுத்த மாதம் ஏதோ வேலையாகத் தில்லிக்கு வருகிறாராம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வீட்டுக்கு வந்து மாமாவைப் பார்ப்பாராம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து அவள் அவரைக் 'கலெக்டர் தம்பி' என்றே சொன்னாள்.

"அவன் வாரான்லா, ஒரு வார்த்தை சொல்லி வையிம்ல. இப்போ அவனுக்கு நாலு பெரிய ஆளைத் தெரிஞ்சிருக்கும். உனக்கு ஒரு வழி பண்ணாமலா இருப்பான்?" என்றாள்.

"பாப்போம்க்கா."

"நீ சொல்லலைன்னா நான் சொல்லுதேன்."

மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேசைக் காலை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீங்க மாமா?"

"பேனா."

"யாருக்கு?"

"வரப்போறவனுக்கு."

பேனா செய்வது இப்படித்தான்: மரத்துண்டின் நட்டநடுவில் நீளவாக்கில் துளை போட வேண்டும். அந்தத் துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருக வேண்டும். பசை இறுகியதும் மரத்தை லேத்தில் மாட்டி, வெளிப்பக்கத்தைக் கடைந்து மெலிதாக்க வேண்டும். கடைவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் கடைசல் ஓரளவு படிந்திருந்தது. துளைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

பெரியவர் விட்டுப்போன டப்பாவில் பல அளவுகளில் டிரில் பிட்டுகள் இருந்தன. பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து என் அளவுகோலை வாங்கி, மாமா குழாயின் குறுக்களவைப் பார்த்தார். பத்து மில்லிமீட்டர் என்று தோன்றியது. பத்தாம் நம்பர் பிட்டைப் போட்டுத் துளைத்தார். மரத்தூள் சுருள் சுருளாக வந்து அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. துளை அழகாகத்தான் வந்தது. குழாய் உள்ளே போகவில்லை. நுனி மட்டும் நுழைந்து நின்றுகொண்டது. மாமா அதைத் தரையில் நிறுத்தி, மேலே ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். போயிற்று. இன்னும் கொஞ்சம் தட்டினார். சட்டென்று ஒரு சத்தம். மரம் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து விழுந்தது.

ஒரு வாரம் கழித்து, டப்பாவில் அதற்கு மேல் இருந்த அளவை எடுத்தார். அது பதினொன்று. இப்போது குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் வந்து விழுந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. மாமாவும் நிறையப் பசை வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். வைத்தார். இறுகியபின் கடைந்துகொண்டே போனார். நன்றாக மெலிந்து, பேனா மாதிரி ஆகிவிட்ட நேரத்தில் ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஒன்று பளிச்சிட்டது. குழாய் துளைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மரம் தேய்ந்து பித்தளையே வெளியே தெரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார். தீயில் வாட்டிப் பசையை இளக்கிக் குழாயை உருவி எடுத்து, உப்புத்தாளால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மேசைக்காலில் முடிச்சும் ஆணித்துளையும் இல்லாத பாகம் அதிகம் இல்லை. இன்னும் ஒரு துண்டுதான் தேறும்.

"மாமா, வேற கட்டைல செய்யுங்க. ஆம் கீ லக்டீ கித்னீ இருக்கு," என்றேன். மாமரப் பலகை நிறைய இருக்கிறதே என்று சொல்ல வந்தேன். என் தமிழ் அப்போது அப்படித்தான் நடுவில் தடம் மாறும்.

"இது போல வராதுட்டி," என்றார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போல மூன்று வார்த்தை பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சாவ்ரி பஜாருக்குக் கிளம்பினார். மறுநாள் சிநேகிதர் வருகிறார். அம்மாவுக்கு வீடு துடைக்கிற வேலை இருந்ததால், நான் வீட்டில் இல்லாமல் இருப்பது அவளுக்கும் சௌகரியம். மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மாமா குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாவ்ரி பஜாரில் பூமிக்கடியிலிருந்து மேலே வந்தால் வெயிலும் ரிக்‌ஷாக்களும் ஒருசேர முகத்தில் மோதும். இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த ஒரு சந்தில் கடை கடையாக ஏறி இறங்கினோம். மாமாவின் ஹிந்தி காய்கறியோடும் ஆட்டோவோடும் நின்றுவிட்ட ஹிந்தி. நான்தான் பேசினேன். எல்லாக் கடையிலும் பத்து இருந்தது, பதினொன்று இருந்தது, நடுவில் இருப்பதைக் கேட்டால் சிரித்தார்கள். "தஸ் லே லோ, நஹீன் தோ கியாரஹ் லே லோ," என்றார் ஒருவர், பத்தோ பதினொன்றோ ஒன்றை எடுத்துக்கொள் என்று, தக்காளி விற்பவரைப் போல.

கடைசியில் ஒரு கடையில், குழாயை வாங்கிப் பார்த்த கடைக்காரர் கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியர் ஒன்றை எடுத்து அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவில் குழாயைக் கவ்வக் கொடுத்தார். பத்துக்கு மேல் ஒரு துளி, அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பத்து புள்ளி மூன்று. மாமா அந்த எண்ணைக் குனிந்து பார்த்தார். பசைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அதிகம் வேண்டாம்.

"ஸாடே தஸ்," என்றார் கடைக்காரர்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி சொல்லலை மாமா, பத்தரை சைஸ்," என்று நான் சொன்னதும் கடைக்காரரும் சிரித்தார், மாமாவும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

கடைக்காரர் எண்ணெய்த் தாளில் சுற்றிய பிட்டைத் தேடி எடுத்து, முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தீட்டியிருக்காவிட்டால் பத்தரை பிட்டும் பதினொன்றாகத் துளைத்துவிடும், அதனால் முதலில் வேண்டாத கட்டையில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார். நான் மாமாவுக்குச் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். தாளைச் சுற்றிக்கொண்டே கடைக்காரர், "ஆப் காம் க்யா கர்தே ஹோ?" என்று கேட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று. இந்த ஹிந்தி மாமாவுக்குப் புரிந்தது. என்னை முந்திக்கொண்டு, "ஸ்டூடண்ட்," என்றார்.

கடைக்காரர் மாமாவின் காதோரத்து நரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அச்சா, அச்சா," என்றார்.

திரும்பும்போது மாமா எனக்குக் கச்சோரி வாங்கிக் கொடுத்தார். மெட்ரோவில் பிட்டை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அன்று நடந்ததெல்லாம் பிடித்திருந்தது: கடைக்காரர்கள் என்னிடம் பேசியது, மாமாவுக்கு என்னால் ஒரு வேலை ஆனது, யாருமில்லாத வீட்டுக்கு இல்லாமல் ஒருவரோடு சேர்ந்து வீட்டுக்குத் திரும்பிப் போவது.

மத்தியானம் கூலர்கள் ஓட ஆரம்பித்ததும் மாமா மெஷினைப் போட்டார். முதலில், பிளந்துபோன துண்டை நூலால் இறுகக் கட்டி, அதன் ஓரத்தில் ஒரு பரீட்சைத் துளை. குழாயைச் செருகிப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். விரலால் தள்ளினேன், அடம்பிடிக்காமல் போயிற்று. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை.

"ஹோ கயா மாமா!"

"கத்தாதட்டி. அது வேண்டாத கட்டை."

நல்ல துண்டை மாட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. பிட்டைக் கொஞ்சம் உள்ளே செலுத்துவார், வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுவார், சூடு ஆற நிற்பார், மறுபடியும். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருந்தது. மறுபக்கம் பிட்டின் முனை எட்டிப்பார்த்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குழாயை எடுத்து அவரே செருகினார். போயிற்று. அதற்கென்றே செய்த இடம் போல உட்கார்ந்துகொண்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் பேனா முடிந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் தடவித் துணியால் துடைத்தபோது, கருப்பு மரத்துக்குள்ளிருந்து செம்மையாக வரிகள் எழுந்து வந்தன. அம்மா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "கடைல வாங்கினது மாதிரி இருக்குலே," என்றாள். எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மறுநாள் காலையில் மாமா பால்கனியைக் கூட்டி, தூளையெல்லாம் அள்ளிப் போட்டு, லேத்தின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி, அதன்மேல் பூந்தொட்டியையும் தூக்கி வைத்தார். விருந்தாளி வருவதற்காகச் சுத்தம் செய்கிறார் என்று நினைத்தேன். விருந்தாளியிடம் காட்டுவதற்கு முதலில் போர்வையை நான்தான் விலக்கவேண்டும் என்று முடிவும் செய்துகொண்டேன்.

சிநேகிதர் காரில் வந்து இறங்கினார். கார் கீழேயே நின்றது. மாமாவைவிடக் குள்ளம், மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். வந்ததும் மாமாவைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, இளைச்சுட்டியேடா," என்றார். எனக்கு ஒரு பெரிய சாக்லேட். அம்மாவுக்கு இனிப்புப் பெட்டி. முனிர்கா அறையில் எலி வந்த கதை, தண்ணீர் வராத நாளில் தயிரை வைத்து முகம் கழுவிய கதை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். நடுவில் சிநேகிதருக்கு போன் வரும். "யெஸ் சார்" என்று எழுந்து நிற்பார். பேசி முடித்ததும் மறுபடியும் எலிக்கதைக்கு வருவார்.

"இப்ப என்ன மாப்ள பண்ற?"

"படிக்கேன். வேற ஒரு எக்ஸாம் இருக்கு."

"நீ சும்மா விடமாட்டன்னு தெரியும்டா," என்று அவர் மாமாவின் தொடையில் தட்டினார். மாமாவின் கையில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். வேறு பரீட்சை என்பது எனக்குப் புதிய செய்தி.

பிறகு மாமா உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து கொடுத்தார். ஒரு சிறிய அட்டைப் பெட்டியில், பஞ்சு வைத்து. சிநேகிதர் திறந்து பார்த்தார். எடுத்து விரல்களுக்கு நடுவில் சுழற்றினார். தன் உள்ளங்கையிலேயே ஒரு கோடு போட்டுப் பார்த்தார்.

"அடேயப்பா. எங்கடா வாங்குன இதை?"

சொல்லப்போகிறார் என்று மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கன்னாட் பிளேஸ்ல. ஒரு கடைல," என்றார் மாமா.

"மாமாதான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பிள்ள, அம்மா காபி ஆத்தியாச்சான்னு பாத்துட்டு வா," என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுக்களைக்குப் போனேன். காபி ஆற்றியாகிவிட்டிருந்தது. டம்ளர்களைத் தட்டில் வைத்துவிட்டு அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் பேசியது எல்லாமே அங்கே கேட்கும்.

"அம்மா, மாமா ஜூட்..." பொய் சொல்கிறார் என்று சொல்ல வந்தேன்.

"சும்மா இரு," என்றாள் அம்மா, மெதுவாக. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

"ஏன்டா இவ்வளவு செலவு பண்ற? இந்த நெலமைல..." என்று சிநேகிதர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அங்கே ஏற்கெனவே ஒரு பேனா இருந்தது. புறப்படும்போது அம்மாவிடம், "அக்கா, எது வேணும்னாலும் தயங்காமக் கேளுங்க, நான் இருக்கேன்," என்றார். ஒரு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அம்மா காத்திருந்தாள். அதைக் கேட்டதும் அவள் சொன்னது, "ஒண்ணும் வேண்டாம் தம்பி. நீங்க நல்லாருக்கணும்," என்பதுதான்.

மாமா அவரைக் கீழே கார்வரை கொண்டுபோய் விட்டார்.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் மாமா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். யாரும் சிபாரிசு செய்யவில்லை. தானாகவே விண்ணப்பித்துக் கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. இப்போது இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறார். லேத்தைப் போகிறபோது யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேனா செய்ததில்லை. சிநேகிதரும் அவரும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளைக்கு. நான் மறுபடியும் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. கார் போன சத்தம் கேட்ட பிறகும் மாமா உடனே மேலே வரவில்லை. நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். குல்ஃபிக்காரன் ஒருவன் வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்துப் படியேறி வந்தவர், நேராகப் பால்கனிக்கு வந்து வாசற்படியில், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"நீங்கதான செஞ்சீங்க? ஏன் வாங்கினேன்னு சொன்னீங்க?"

மாமா எதிர் பிளாக்கைப் பார்த்தார். அங்கே யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"செஞ்சேன்னு சொன்னா, எத்தனை நாளாச்சுன்னு கேப்பான்ட்டி," என்றார்.

"கேட்டா என்ன? ஒரு மாசம் ஆச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?"

மாமா என் தலையில் கையை வைத்தார். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஒரு பேனாவுக்கு ஒரு மாதம்! என் வகுப்பில் எல்லாருடைய அப்பாக்களும் சித்தப்பாக்களும் மாமாக்களும் எப்போது பார்த்தாலும் நேரமில்லை, நேரமில்லை என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மாமாவிடம் மட்டும் ஒரு மாதம் முழுசாக இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் போய் யாராவது மறைப்பார்களா என்று எனக்குப் புரியவே இல்லை.